ராஜா திரும்பின பக்கம்

மந்திரி: விடுங்க அத்தான். ஜனங்க கைதட்டினாங்கல்ல, அதோட விடுங்க.

ராஜா: கைதட்டினது இருக்கட்டும். மொத்த சபையும் எதுக்குடா அந்தப் பக்கம் ஓடினீங்க?

மந்திரி: நீங்க அந்தப் பக்கம் திரும்பினீங்க. ராஜா திரும்பிட்டா நாங்க என்ன பண்றது? உங்க முதுகுக்கா வணக்கம் போடுறது?

ராஜா: தூதன் நிக்கிறது வலது பக்கம். நான் இந்த வேஷம் கட்ட ஆரம்பிச்ச நாள்லேருந்து வலது பக்கம்தான்.

மந்திரி: ஆமா.

ராஜா: நான் முத்திரை மோதிரத்தைக் கழட்டி இடது பக்கம் நீட்டினேன்.

மந்திரி: நீட்டினீங்க. அங்கே தூண்தான் இருந்துச்சு. தூண் வாங்கிக்குமா? அதான் தூதன் விழுந்தடிச்சு ஓடி வந்தான். அவன் பின்னாடி சேனாதிபதி, அவர் பின்னாடி புலவர். புலவருக்கு அங்கி காலைத் தடுக்கி...

ராஜா: சிரிக்காதே.

மந்திரி: சிரிக்கல. முன் வரிசையில ஒரு அம்மா உக்கார்ந்திருந்தாங்க, பத்திரிகையில நாடக விமர்சனம் எழுதுறவங்க. இடைவேளையில என்னைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னாங்க தெரியுமா? அதிகாரம்னா என்னன்னு இன்னைக்குத்தான் கண்ணால பார்த்தேன், ராஜா திசை மாறினா நாடே இடம் மாறுதேன்னு சொன்னாங்க. இது பிரதியிலேயே இருக்கா, நீங்களா சேர்த்ததான்னு வேற கேட்டாங்க.

ராஜா: நீ என்ன சொன்னே?

மந்திரி: பிரதியில இருக்குன்னு சொல்லிட்டேன்.

ராஜா: அடப்பாவி.

மந்திரி: எழுதினவர் செத்து எந்தக் காலமோ ஆச்சு. எழுந்து வந்து இல்லைன்னா சொல்லப்போறார்?

ராஜா: அவரைப் பத்தி விளையாட்டுக்குக்கூட அப்படிப் பேசாதே. ராஜாவை இவர் மாதிரி எழுதினவன் கிடையாது. மத்த நாடகத்துல ராஜா உள்ளே வந்ததும் என்ன பண்ணுவான்?

மந்திரி: மீசையை முறுக்குவான். தொண்டை கிழியக் கத்துவான்.

ராஜா: இவர் ராஜா கத்துறானா? முதல் காட்சியில வாயே திறக்கமாட்டான். யாரையும் பார்க்கமாட்டான். சும்மா கையை நீட்டுவான், தண்ணிக் கோப்பை கைக்கு வந்துடும். தாகம்னு சொல்லக்கூட வேண்டியதில்ல பாரு. அங்கேதான்டா நிக்கிறார் மனுஷன்.

மந்திரி: எனக்குப் பிடிச்சது ரெண்டாவது காட்சி. கிழட்டுத் தளபதியை ராஜா வேற யார் பேரோ சொல்லிக் கூப்பிடுவானே. அவரும் 'இதோ வந்தேன் அரசே'ன்னு வந்து நிப்பார்.

ராஜா: அதுக்கப்புறம் நாடகம் முடியுற வரைக்கும் அவர் பொண்டாட்டி உட்பட எல்லாரும் அந்தப் பேர்லதான் கூப்பிடுவாங்க. அடேயப்பா. ஒரு அடி, ஒரு உதை கிடையாது. ஒருத்தனோட பேரையே எடுத்துட்டார்.

மந்திரி: ஒவ்வொரு தடவையும் எனக்கே அவரோட பழைய பேர் மறந்துபோகும். நடிக்கிறப்பவே.

ராஜா: கடைசிக் காட்சிக்கு வா. அதே கையை நீட்டுவான், கோப்பை வராது. அப்பதான் முதல் தடவையா கத்துவான், யாருமே இல்லையான்னு. கத்துறவன்கிட்ட ஒண்ணுமே மிச்சமில்லைன்னு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிஞ்சுடும். சண்டை வரல, கழுத்தை வெட்டல. ஒரு வாய்த் தண்ணி வரல, ராஜ்யம் போயிடுச்சு. எத்தனை தடவை நடிச்சாலும் அந்த ஆளைக் கும்பிடத் தோணுது எனக்கு.

மந்திரி: அத்தான்... ஒட்டுமீசை ஒரு பக்கம் அப்படியே இருக்கு.

ராஜா: தெரியும். மெதுவா எடுக்கலாம்னு விட்டிருக்கேன்.

மந்திரி: சரி...

ராஜா: அந்த சரியை ஏன் இழுக்கிறே? பேச்சை மாத்தாதே. இன்னைக்கு நீ எங்கே மண்டி போட்டே?

மந்திரி: கோப்பை சாய்ஞ்சு வலது பக்கம் கம்பளமெல்லாம் தண்ணி. வழுக்கும்னு இடது பக்கம் போய் மண்டி போட்டேன்.

ராஜா: முதல்ல, மந்திரி மண்டி போடணும்னு பிரதியில எங்கே இருக்கு? நின்னுக்கிட்டுத்தானே சேதி சொல்வான்? யாரைக் கேட்டு ஆரம்பிச்சே இதை? காவலனுங்க வேற, நான் நடந்தா ஈட்டியால தரையில தட்டுறானுங்க. படி வந்தா ரெண்டு தட்டு.

மந்திரி: ராஜ மரியாதை அத்தான். ராஜா நடந்தா தரை அதிரணும்ல.

ராஜா: ஓகோ.

மந்திரி: நல்லா இல்லையா?

ராஜா: நல்லாத்தான் இருக்கு. அதான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.

மந்திரி: அப்போ இன்னொண்ணும் சேர்த்துக்கலாமா?

ராஜா: வந்துட்டியா விஷயத்துக்கு. உங்க அக்கா அனுப்பினாளா உன்னை?

மந்திரி: அக்காவும்தான். எல்லாரும் பேசினோம். அடுத்த வாரம் புது அரங்கம். அங்கே மேடை ஆள் உயரம். முன்னாடி ஜனங்க உக்கார்ற இடம் வரைக்கும் நீளமா படிக்கட்டு. கடைசியில நீங்க கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டு, தனியா அதுல இறங்கிப் போகணும்.

ராஜா: பிரதி அப்படித்தான் சொல்லுது.

மந்திரி: ஒரே ஒரு காவலன் மட்டும் ஓரமா நிக்கட்டுமே. விசுவாசமான ஆள். கை கொடுத்து ராஜாவை இறக்கிவிடுறான். ஜனங்க அழுதுடுவாங்க.

ராஜா: எழுதினவரும் குழிக்குள்ள அழுவார். ஏன்டா, ஒருத்தன் மிச்சம் இருந்தாலும் இவன் ராஜாதானே? அந்த ஒருத்தனுக்கு ராஜா. ஒருத்தனும் இல்லாதப்பதான் சிம்மாசனம் வெறும் மரம்னு தெரியும்.

மந்திரி: லைட்டையாவது அணைச்சுட்டா...

ராஜா: ராஜா மனுஷனா மாறுற இடம் அது. அதை இருட்டுல பண்ணச் சொல்றியா?

மந்திரி: அப்போ... தப்பா எடுத்துக்காதீங்க. புது அரங்கத்துக்கு மட்டும் சேனாதிபதி ராஜா வேஷம் போடட்டும்னு சில பேர்...

ராஜா: யாரு அந்தச் சில பேர்?

மந்திரி: நான்தான்.

ராஜா: நீயா?

மந்திரி: ஆமா அத்தான். திட்டணும்னா திட்டுங்க.

ராஜா: இந்த வேஷத்தையும் எடுத்துட்டா நான் நாள் முழுக்க வீட்டுல எந்த மூலையைப் பார்த்துக்கிட்டு உக்காருவேன்? யோசிச்சியா?

மந்திரி: யோசிக்காம இருப்பேனா? நேத்துலேருந்து சாப்பாடே இறங்கல. உங்களை மாதிரி அந்த நாற்காலியில உக்கார சேனாதிபதிக்கு வராது. யாருக்கும் வராது. ஆனா நீங்க விழுந்துட்டா நான் அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?

ராஜா: நான் ஏன்டா விழப்போறேன்?

மந்திரி: இப்போ எதைப் பார்த்து மேக்கப் துடைச்சுக்கிட்டு இருக்கீங்க?

ராஜா: கண்ணாடியை.

மந்திரி: கண்ணாடியைக் கடைசிக் காட்சி நடக்கிறப்பவே கழட்டி வண்டியில ஏத்திட்டாங்க. அது வெறும் சுவர் அத்தான்.

ராஜா: ஆமா, ஆணி மட்டும்தான் கைக்குத் தட்டுது.

மந்திரி: எங்க எல்லாருக்கும் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். ஈட்டி தட்டுறது உங்க காலுக்கு வழி சொல்ல. நான் தூதன் பக்கத்துல மண்டி போட்டுப் பேசுறது அவன் எந்தப் பக்கம் நிக்கிறான்னு உங்க காதுக்குச் சொல்ல. இன்னைக்கு நான் பக்கம் மாறிட்டேன், தூதனும் மாறிட்டான்னு நினைச்சு நீங்க என் குரலை நம்பித் திரும்பிட்டீங்க. தப்பு என்னோடது. அதை மறைக்கத்தான் மொத்த சபையும் ஓடிச்சு.

ராஜா: யாரு முதல்ல கண்டுபிடிச்சது?

மந்திரி: அக்கா.

ராஜா: அதானே.

மந்திரி: கோபமா?

ராஜா: இல்லடா. ஜனங்க என்ன நினைக்கிறாங்க? ராஜா யாரையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டேங்கிறான், என்ன கம்பீரம்னு நினைக்கிறாங்க. இங்கே எனக்கு எவன் மூஞ்சியும் தெரியல. இதைத்தான் அந்த மனுஷன் அன்னைக்கே எழுதி வச்சுட்டுப் போயிருக்கார். ராஜாவால ஒண்ணும் முடியாது, சுத்தி நிக்கிறவங்கதான் அவனை ராஜாவா நடத்துறாங்க. ஒரு காலத்துல நான்தான் நடிச்சுக் கிழிக்கிறேன்னு தலைக்கனம் எனக்கு.

மந்திரி: கடைசிக் காட்சியிலகூட நாங்க போறதில்ல அத்தான்.

ராஜா: எங்கே?

மந்திரி: எல்லாரும் ராஜாவை விட்டுட்டு ஓடிட்டாங்கன்னுதான் ஜனங்க நினைப்பாங்க. இங்கே படிக்கு ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி எல்லாரும் கையை ஏந்திக்கிட்டு நிப்போம், நீங்க தடுக்கினா பிடிக்க. சத்தம் வரக்கூடாதுன்னு அக்கா வளையலைக் கழட்டிட்டு வந்து நிப்பா. புது அரங்கத்துல படி முழுக்க வெளிச்சம், துணி கட்ட இடமே இல்ல. அதான் என் பயம்.

ராஜா: அங்கே நான் இறங்கல.

மந்திரி: இறங்கலன்னா நாடகம் எப்படி முடியும்?

ராஜா: கிரீடத்தைக் கழட்டி வச்சுட்டு நடந்து வரேன். கம்பளம் முடியுற இடம் காலுக்குத் தெரியும், அங்கே நின்னுடுவேன். காலால படியைத் துழாவுறேன். ஈட்டி தட்டினாத்தானே அவனுக்குப் படி தெரியும், இப்போ தட்ட ஆள் ஏது? ஒரு படி இறங்கத் தெரியல நாட்டையே ஆண்டவனுக்கு. அப்படியே தரையில உக்கார்ந்துடுறேன். லைட் முழுசா எரியட்டும். எல்லாரும் பார்க்கட்டும்.

மந்திரி: அத்தான்... புல்லரிக்குது. சேனாதிபதிகிட்ட நானே போய்ப் பேசிக்கிறேன். ஆனா இது பிரதியில இல்லையே?

ராஜா: அந்தப் பத்திரிகை அம்மா கேட்டா இருக்குன்னு சொல்லு. உனக்கென்ன, வாய் கூசவா போகுது?

மந்திரி: ஒண்ணு மட்டும் கேக்கணும். கண்ணும் தெரியல, நாங்க கீழே நிக்கிறதையும் யாரும் உங்ககிட்ட சொன்னதில்ல. அப்புறம் எந்த தைரியத்துல இத்தனை நாளா அந்தப் படியில தனியா இறங்கினீங்க?

ராஜா: யாருமே இல்லையான்னு கத்திட்டுக் கொஞ்ச நேரம் அசையாம நிப்பேன்ல... அப்போ துணிக்குப் பின்னாடி உங்க எல்லார் மூச்சும் எனக்குக் கேக்கும்டா. உங்க அக்கா மட்டும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அவ மூச்சு விடுற வரைக்கும் காத்திருந்துட்டுத்தான் கால் எடுத்து வைப்பேன்.