அக்கினி மூலை மோட்டார்

“…அக்கினி மூலையில மோட்டாரை வெச்சா, சங்கிலி மேடேறையில குலுங்கத்தானுங்க மச்சான் செய்யும்!”

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பட்டறைக்காரர்கள். கூரையில் ஓடும் சங்கிலியில் நூல்கூடைகளைத் தொங்கவிட்டு நகர்த்தும் சாதனம் ஒன்றை கோயமுத்தூர் மில்லுக்குச் செய்து மாட்டியிருக்கிறார்களாம். நாளைச் சோதனையிலும் கூடை விழுந்தால் ஆர்டர் பம்பாய்க்காரனுக்குப் போய்விடும்.

“மோட்டார்னா நெருப்பு மாப்ளே. நெருப்புக்கு அந்த மூலைதான்.”

“சாஸ்திரத்துக்கு அங்க ஒரு வெளக்கு வெச்சுக்குங்க. மோட்டாரு மேடு முடியற எடத்துல நின்னு இழுக்கோணுமுங்க. இப்பவே மாத்திப்போடறேன்.”

“அட, உனக்குப் பொண்ணு பாக்கத்தான காரமடை போறோம்!”

“நீங்க பாத்துப்போட்டு வாங்க. எனக்குச் சம்மதமுங்க.”

துடியலூரில் இறங்கிய மாப்பிள்ளை, கஞ்சி மொடமொடப்பு மாறாத வேட்டியை மடித்துக்கட்டி, எதிரே வந்த கோயமுத்தூர் பஸ்ஸுக்குக் கை காட்டினார்.