முதல் கையெழுத்து யார் போடுவது

பெயர் ஆறுச்சாமி, வயது 64, த/பெ கந்தப்பன், சொந்த ஊர் அந்தியூர், இருப்பு கோவை ஆர்.எஸ்.புரம் செவ்வந்தி அடுக்ககம், மூன்றாவது மாடி. விசாரணையில் சொன்னதாவது:

நான் பம்ப்செட் கம்பெனி நடத்தி, இப்போது மகனிடம் விட்டிருக்கிறேன். எங்கள் அடுக்ககச் சங்கத்தின் துணைத் தலைவர் நான். தலைவர் வெங்கடபதி மில் முதலாளி, ஐந்தாவது மாடி. சென்ற ஆண்டு தலைவர் பதவிக்கு நாங்கள் இருவருமே நின்றோம். யார் தோற்றாலும் மனத்தாங்கல் வரும் என்று மற்றவர்கள் பயந்தார்கள். அப்போது கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வுபெற்ற ராமாமணி அம்மாள், அமெரிக்கா குடியரசான புதிதில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜனாதிபதி, அடுத்து வந்தவர் துணை ஜனாதிபதி என்று இருந்ததாகச் சொன்னார். நாமும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் கைதட்டினார்கள். அந்த ஏற்பாட்டால் அங்கே எதிரிகள் இருவர் ஒரே ஆட்சியில் மாட்டிக்கொண்டார்கள், பிறகு அமெரிக்கர்களே அதை மாற்றிவிட்டார்கள் என்று அவர் சொல்ல ஆரம்பித்ததும், டிபன் ஆறுகிறது என்று நான்தான் கூட்டத்தை எழுப்பிவிட்டேன்.

அதன் பிறகு வெங்கடபதி ஜெயித்தார், நான் அடுத்து வந்தேன். எந்த வேலைக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. நாங்கள் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, எதிரில் பார்த்தால் கும்பிடுவோம். ஆனால் முதலில் போடுகிறவர் இறங்கிவந்தவர் என்றாகிவிடும், அதனால் இருவரும் போடவில்லை. எரியாத மாடி விளக்கை மாற்றுவதுகூட நின்றுபோயிற்று.

அதன் பிறகு ஒருநாள், படிக்கட்டு கூட்டும் கருப்பாத்தாள் வந்து, "ஏனுங்கய்யா, நாலாவது மாடியில லிப்ட் வராமயே கதவு தொறந்துக்குதுங்க" என்றாள். லிப்ட் கம்பெனிக்காரர்கள் பார்த்து, பூட்டை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை அவளிடமே கொடுத்து, "தலைவரு மொதல்ல போடட்டும் அம்மணி, அதான் மரியாதை" என்றேன். அவள் மேலே போய்த் திரும்பி வந்து, "நீங்க மூத்தவருங்களாமா, நீங்க போட்டதும் போட்டுத் தாரேன்னாருங்க" என்றாள். அந்தப் பணிவு எனக்கு எரிச்சலாக இருந்தது. மறுபடியும் அனுப்பினேன். அவரும் அனுப்பினார். லிப்டுக்குப் பயந்து அவள் படியிலேயே ஏறி இறங்கினாள். இதைச் செய்துவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு முழங்கால் வீங்கி அவளால் நடக்க முடியவில்லை. சம்பவத்தன்று அவளுக்குப் பதிலாக, கல்லூரியில் படிக்கும் மகள் ரித்திகா வந்தாள். கதவு விஷயம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. நாலாவது மாடியில் குப்பை டிரம்மை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு, கதவு திறந்திருந்ததால் லிப்ட் நிற்கிறது என்று நினைத்து, இருட்டில் பின்பக்கமாகவே காலை வைத்திருக்கிறாள். லிப்ட் கீழே நின்றது. சத்தம் கேட்டு நானும் வெங்கடபதியும் ஓடினோம். உயிர் இல்லை.

அதன் பிறகு போலீசார் பிரேத விசாரணைத் தாளில் பஞ்சாயத்தார்களாக, அதாவது பிரேதத்தைப் பார்த்த சாட்சிகளாக, எங்கள் இருவரையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கருப்பாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் பார்த்தாள். நானும் வெங்கடபதியும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டது அன்றுதான். முதலில் யார் போடுவது என்று இருவரும் கேட்கவில்லை.

நான் சொன்னதை வாசித்துக் காட்டக் கேட்டேன். உள்ளது உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறது.

(ஒப்பம்)
ஆறுச்சாமி