டீச்சர் மாற்றிச் சொன்னது

“…‘எம் புள்ளைய அவன் மடியில உக்கார வெக்கமாட்டேன்’னு நங்கையா சொன்னாங்க. நான் எங்கூட்டுக்காரர்கிட்ட, ‘தாய்மாமன் நீங்க மடியில வெச்சாத்தான் காதே குத்துவாங்களாம்’னு சொல்லிப்போட்டேன்.”

கோபியிலிருந்து கோவை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இங்கிலீஷ் டீச்சர்கள். ஜன்னலோரம் இருந்தவர்தான் இப்படிப் பெருமைப்பட்டுக்கொண்டது. பேச்சு நின்றுபோன கணவருக்கும், இவர் ‘நங்கையா’ என்று சொல்லும் கணவரின் அக்காவுக்கும் நடுவே இவர்தான் தூதாம்.

“ஏனுங்க டீச்சர், ரிப்போர்ட்டட் ஸ்பீச்சுல அர்த்தம் மாறினா மார்க் இல்லைன்னு இன்னைக்குத்தான புள்ளைங்களை மெரட்டுனீங்க?”

“அது பரீச்சைக்குங்க. இது காதுகுத்து.”

“செரி, உங்கூட்டுக்காரர் என்ன சொன்னாருங்க?”

“‘அவ கால்ல உழுந்து கூப்பிட்டாலும் போகமாட்டேன்’னாரு. நங்கையாகிட்ட, ‘நீங்க கூப்பிடுவீங்கன்னு காத்துட்டு இருக்கறாருங்க’ன்னேன்.”

போன் அடித்தது. கணவரின் குரல் என் சீட்டு வரைக்கும் கேட்டது. “அக்கா கூப்பிடறதுக்கு நேர்லயே வந்து உக்காந்திருக்குது! நான் என்ன சொல்றது?”

“‘ஞாயித்துக்கெழமை வந்தர்றேனுங்கக்கா’ன்னு சொல்லுங்க. ஒரு எழுத்து மாத்தாதீங்க” என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார் டீச்சர்.