கூலருக்குப் பின்னால் நான்கு தொட்டிகள்

டாக்டர் ஜெகதீஸ்வரன் அவர்களுக்கு,

கைராசி என்று ஒன்று உண்டென்றால், அது எனக்குக் கிடையாது. நான் நட்ட கறிவேப்பிலை மூன்று. மூன்றும் போய்ச் சேர்ந்தன. ரோஜா, நர்சரிக்காரர் கொடுத்த உத்தரவாதத்தையும் மீறிக் காய்ந்தது. கற்றாழையை அழுகவைத்த பெண்மணி மௌலா அலியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்தத் தெலுங்கு ஊரில் நீங்களும் தமிழ் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். என் கணவர் அனந்தகிருஷ்ணனின் மூச்சிரைப்புக்கு இரண்டு வருஷம் வைத்தியம் பார்த்தீர்கள். நேற்றுதான் அவருடைய பதின்மூன்றாம் நாள் முடிந்தது. வீட்டில் இன்ஹேலர் இருந்ததே, ஏன் கொடுக்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் என்னைக் கேட்டீர்கள். நான் பேசாமல் நின்றதை அவமரியாதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதில் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்.

அவர் மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் தரப் பரிசோதகராக இருந்தவர். ஓய்வு பெற்றதும் சிலருக்குப் பக்தி பிடிக்கும், சிலருக்குப் பங்குச்சந்தை. அவருக்குப் பார்த்தீனியம். காலனித் தோட்டக் குழுவினரைத் திரட்டிக்கொண்டு, முதுகில் உப்புத் தண்ணீர் டப்பாவோடு, வீடு வீடாகப் போய் அந்தக் களையை ஒழிப்பார். காலையில் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருவார். என்னோடு பேசுவதெல்லாம் உப்பைப் பற்றித்தான். ஒன்று, சாம்பாரில் குறைகிறது என்பார். இல்லையென்றால், டப்பாவுக்குக் கல்லுப்பு வாங்கிவைத்தாயா என்பார். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. என் சாம்பாரில் உப்பு குறைவதும் உண்மைதான்.

குழுவின் தலைவி பத்மஜா ஒருநாள் வாட்ஸப்பில் ஒரு கேள்வி போட்டார். சும்மா கொடுத்தாலும் வளர்க்க மாட்டேன் என்று நீங்கள் சொல்லும் செடி எது? ஆளாளுக்குக் கோரை என்றார்கள், உண்ணிச்செடி என்றார்கள், கோனோகார்ப்பஸ் என்றார்கள். என் கணவர் பார்த்தீனியத்தைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். கணவன் எழுதும் கட்டுரையை எந்த மனைவி முழுதாகப் படிக்கிறாள்? நான் படிக்காமல், அதற்கு நேர் கீழே ஒரு படத்தைப் போட்டேன். செத்த ரோஜாத் தொட்டியில் தானாக முளைத்திருந்த செடி. இலையைப் பார்த்துச் செவ்வந்தி என்று நம்பி ஒரு மாதம் தண்ணீர் ஊற்றியிருந்தேன். ‘எனது செவ்வந்தி மொட்டு விட்டிருக்கிறது’ என்று பெருமையாக எழுதியும்விட்டேன்.

நாற்பத்துமூன்று பேர் சிரித்தார்கள். பத்மஜா மட்டும் பதமாக, “கல்பகம்காரு, அதி சாமந்தி காதண்டி, வய்யாரிபாமா. பீகேயண்டி” என்று குரல்பதிவு அனுப்பினார். பார்த்தீனியத்துக்குத் தெலுங்கில் அப்படி ஒரு ஒய்யாரமான பெயர். அது செவ்வந்தி இல்லை, பிடுங்கிப் போடுங்கள் என்றார். என் பெயரோடு ஒய்யாரம் சேர்ந்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். என் கணவர், ‘தரப் பரிசோதகர் வீட்டிலேயே தேறாத சரக்கு’ என்று எழுதி, அழுதுகொண்டே சிரிக்கும் பொம்மை இரண்டைப் போட்டார். செடியைச் சொன்னாரா என்னைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே வலித்தது.

பிடுங்கத்தான் போனேன். கை வரவில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. என் கையில் தழைத்தது அது ஒன்றுதான். பிடுங்கிவிட்டதாக அவரிடம் சொல்லிவிட்டு, தொட்டியைக் கொண்டுபோய்ப் பின்பக்கம், படுக்கையறை ஜன்னலில் பொருத்திய கூலருக்குப் பின்னால் மறைத்தேன். துணி உலர்த்துவதும் கூலருக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் வேலை. அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. எல்லோர் வீட்டுக் கொல்லையையும் சோதித்த குழுவும் எங்கள் வீட்டை மட்டும் விட்டுவிட்டது. பரிசோதகர் வீட்டை யார் பரிசோதிப்பார்கள்?

பத்து நாளில் செடி வெள்ளைப் பொடியாகப் பூத்தது. அது சித்திரை வெயில். கூலர் நாள் முழுக்க வெளிக்காற்றை இழுத்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அவருக்கு இரைப்பு கண்டது. நான் முதுகைத் தடவி, வெந்நீர் கொடுத்து, எழப்போனேன். “கல்பு, செத்த இங்கேயே உக்காரு” என்றார். அந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. அன்று இரண்டு மணி நேரம் என்னோடு பேசினார். ஹாஸ்டலில் இருந்தபோது அழுததையெல்லாம் சொன்னார். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு உங்களிடம் வந்தோம். எது ஒவ்வாமை என்று கையில் ஊசியால் குத்திச் சோதித்தீர்கள். பார்த்தீனியம் குத்திய இடம்தான் ரூபாய் அளவுக்குத் தடித்தது. வீட்டுப் பக்கம் இந்தச் செடி இருக்கிறதா என்று கேட்டீர்கள். “என் வீட்டுலயா?” என்று அவர் சிரித்தார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள். இல்லை என்றேன். களை ஒழிக்கப் போவதால்தான் வருகிறது, இனி வெளியே போகாதீர்கள், ஜன்னல் பக்கம் கூலரைப் போட்டுக்கொண்டு வீட்டிலேயே ஓய்வெடுங்கள் என்றீர்கள். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

அவர் வீட்டிலேயே இருந்தார். நன்றாக இருக்கும் நாட்களில் செல்போனில் குழுவோடு இருந்தார். இரைக்கும் நாட்களில் என்னோடு இருந்தார். நான் கணக்கில் மட்டம். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்கே புரிந்தது. ஒரு தொட்டி இரண்டாயிற்று, இரண்டு நான்காயிற்று. விதையை நானே உதிர்த்துத் தூவினேன். ஒன்றுகூடச் சாகவில்லை. அந்தத் தொட்டிகளைப் படமெடுத்துக் குழுவில் போட முடியவில்லையே என்ற ஒரு வருத்தம் எனக்கு இருந்தது. இன்ஹேலரைச் சமையலறை அலமாரியில் வைத்துக்கொண்டேன். மருந்து என் பொறுப்பு என்றால் அவர் என்னைக் கேட்டாக வேண்டும். கேட்டதும் கொடுக்க மாட்டேன். ஐந்து நிமிடம் போகட்டும் என்றிருப்பேன். கொடுத்தால் சரியாகிவிடும். சரியானதும் செல்போனை எடுத்துவிடுவார்.

அன்று பிற்பகல் மூன்று மணி. இரைப்பு வழக்கத்தைவிட அதிகமாகத்தான் இருந்தது. உதடு நீலமானதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். சமையலறை எட்டடி தூரம். நான் எழ நினைத்தபோது அவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தார். கல்யாணத்தில் புரோகிதர் சொல்லிப் பிடித்தார்; அதற்குப் பிறகு முப்பத்தெட்டு வருஷத்தில் அவராகப் பிடித்தது இதுதான். எழுந்து போனால் அந்தக் கையை விட வேண்டியிருக்கும். அதனால் போகவில்லை. “நான் இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இதுதான் உங்கள் கேள்விக்குப் பதில். தொட்டிகள் நான்கும் அங்கேயே இருக்கின்றன, யாரை வேண்டுமானாலும் அனுப்பிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திருத்த வேண்டும். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி எதற்கோ வந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அவள்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஊரின் மறுகோடியில் கச்சிபௌலியிலிருந்து வந்த என் மகன் விஸ்வநாத்திடம், “ஹவ் தம்பி, ஆமா, நான் பாத்தேன். சாரு மாமிய கிச்சன் பக்கமா தள்ளிட்டே இருந்தாரு. மாமி நகரவே இல்ல” என்று சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மேரி நல்ல பெண். ஆனால் வெளியே நின்று பார்த்தவளுக்கு என்ன தெரியும்? மணிக்கட்டில் அவருடைய நகம் நான்கு இடத்தில் ஆழமாகப் பதிந்து இன்னும் ஆறவில்லை. வேண்டாதவளை யாராவது அவ்வளவு அழுத்திப் பிடிப்பார்களா, டாக்டர்?