முந்நூறு பறவைகள்

— ஏரிக்குக் கிட்டப் போகாத பிரபா, பறந்துரும். இங்கன நின்னே எண்ணுவோம்.

— சரிங்க. ஆனா பேசினது பேசினதுதான். முந்நூறு பறவை இருந்தா, ரிட்டையரானப்புறமும் இங்கியேதான் இருக்கணும். மந்தாரக்குப்பத்துல வூடு பாக்கணும். ஒண்ணு கொறைஞ்சாலும் குவார்ட்டர்ஸ் சாவியக் குடுத்துட்டு, உங்க சாத்தூருக்குக் கெளம்பிடலாம்.

— வெள்ளைச்சாமி வாக்கு மாறமாட்டான், பாத்துக்கோ.

— எப்படி மாறுவீங்க? கட்டிகினு வந்த நாள்லேருந்து சாத்தூரு சாத்தூருன்னு சொல்லிகினு இருக்கறவராச்சே.

— பொறந்த மண்ணுல்லா? சரி, வாத்துல ஆரம்பி. பத்து வாத்த ஒரு கொத்தா மனசுல வையி. அந்த மாதிரி எத்தன கொத்து இருக்குன்னு மட்டும் பாரு.

— ஐயே, ஒவ்வொண்ணா எண்ணினா ஆவாதா?

— நீ எண்ணி முடிக்கயில, மொத வாத்து முங்கி அக்கரையில எந்திரிச்சிரும்.

— பதினெட்டு கொத்துங்க. நூத்தியெண்பது. இதெல்லாம் இந்த ஊரு வாத்தா?

— இந்த ஊசிவால் வாத்து பூராவும் வெளியூரு. பனிக்கு வரும், வெயிலுக்குப் போயிரும். கான்ட்ராக்ட்டு. இங்கனயே குஞ்சு பொரிக்கிறதுதான் பர்மனென்ட்டு.

— அப்ப நீங்க எதுல சேத்தி?

— ஏய், கண்ண ஏரியில வையி.

— நெத்தியில வெள்ள நாமம் போட்ட கறுப்புக் கோழி ஆறு கொத்து. ஆக இருநூத்து நாப்பது. போச்சுங்க. நான் தோத்தேன்.

— அவசரப்படாத. அந்தா, கோரைக்கு அங்கிட்டு, கறுப்பா வரிசை தெரியுதுல்ல? அதுவும் நாமக்கோழிதான். ஆறு கொத்து தேறும். முந்நூறு ஆச்சு. வா, டீ குடிப்போம்.

— எங்க? அந்த பைனாகுலரக் குடுங்க.

— என் கண்ணு போதும். வான்னா வா.

— குடுங்கன்னா! ...என்னங்க இது, ஒண்ணுக்கும் கழுத்தே இல்ல?

— ஒறங்குது. றெக்கைக்குள்ள மடிச்சிருக்கும்.

— ஒறங்கற கோழி மேல குழா போவுமா? அது பம்புக் குழாயத் தாங்கற டிரம்முங்க!

— அப்படியா? கண்ணு மங்கிருச்சு போல.

— மங்கிச்சா? கரையோரம் இருக்கற உள்ளான் குருவிய ஆணா பொண்ணான்னு சொல்றவருக்கா? நானே ஜெயிக்கணும்னு தவிச்சிகினு இருக்கேன், எனக்கே டிரம்முன்னு தெரியுது. மைன்ஸ்ல தண்ணி எறைக்கிற செக்ஷன்லயே தலை நரைச்சவரு நீங்க. அந்த டிரம்ம வரிசையாக் கட்டி மெதக்க வுட்டதே உங்க கையிதானே?

— அந்த பைனாகுலர இங்கிட்டுக் குடு.

— ஏங்க, உங்களத்தான் கேக்கறேன்.

— இன்னொருக்க எண்ணு, பிரபா. முந்நூறு வார வரைக்கும் எண்ணு.