பேர் ஒன்று, புரோகிராம் இரண்டு

எண்பதுகளின் கடைசி. உத்திரமேரூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுப் பெண் தன் தோழியிடம் அலுத்துக்கொண்டாள்.

“பேரு சொல்லிக் கூப்ட்டா பழசுதான்க்கா வந்துச்சு.”

“யாருடி?”

“எங்க டைப்பிங் சென்டர் கம்ப்யூட்டர்ல லெட்டர் அடிக்கிற புரோகிராம். சட்டுனு தொறக்குற பழசும் கீது, மெதுவா தொறக்குற புதுசும் கீது, ரெண்டுக்கும் ஒரே பேரு. எந்தெந்த எடத்துல தேடணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற பாத்னு ஒரு வரி கீது. அதுல எது முன்னாடி கீதோ அதான் வரும். மொதலாளிங்க அண்ணன் தம்பி. அண்ணனுக்குப் பழசு வேணும், தம்பிக்குப் புதுசு. தெனம் அந்த வரிய மாத்திக்கினு, என்னைத் திட்டிக்கினு கெடந்தாங்க. பேஜார் தாங்காம ஆளுக்கொரு ஃபைல் எழுதிக் குடுத்தேன். அவங்கவங்க பேரை அடிச்சா வரி தானா மாறிக்கும்.”

“அப்புறம் இன்னா?”

“அண்ணனுது மட்டும் ஏன் சீக்கிரம் தொறக்குது, நீ அவரு கட்சியான்னு தம்பி சண்டைக்கு வராருக்கா.”