எதிர் வண்டியில் ஒரு குரல்

வேட்பாளர்: கொப்பளிங்க. இன்னொரு வாய்.

மைக்காரர்: க்ர்ர்ர்... போதும்மா.

வேட்பாளர்: புருஷன் தொண்டை கட்டினா பொண்டாட்டிதானே பார்க்கணும். எங்கே போய் இப்படிக் கத்திட்டு வந்தீங்க?

மைக்காரர்: சொன்னேனே... கடைத் திறப்பு விழா.

வேட்பாளர்: வாரம் பூராவுமா திறக்கிறாங்க? அவ்வளவு பெரிய ஷட்டரா?

மைக்காரர்: அது வந்து... பெரிய கடை.

வேட்பாளர்: ஜவுளிக்கடையா?

மைக்காரர்: ...

வேட்பாளர்: என்ன, கரண்ட் போயிடுச்சா?

மைக்காரர்: தெரிஞ்சிடுச்சா?

வேட்பாளர்: நான் ஓட்டு கேட்டு ஒரு தெருவில நடக்கிறேன். அடுத்த தெருவில என் புருஷன் குரல், ‘உங்கள் வாக்கு ஜவுளிக்கடை அண்ணனுக்கே’ன்னு. காது இருக்கே எனக்கு!

மைக்காரர்: கொஞ்சம் குரலை மாத்தித்தான் பேசினேன்...

வேட்பாளர்: கிழிச்சீங்க. கல்யாணமான நாள்லேர்ந்து கேக்கிற குரல். கதவைத் திறந்த அம்மா ஒருத்தங்க என்னைப் பார்த்துச் சிரிக்கிறாங்க, ‘உங்க வீட்டு ஓட்டே உங்களுக்கு இல்லையா’ன்னு.

மைக்காரர்: ஐயோ... தப்புதான். நாளைக்குப் போகல. கடைசி நாள்தானே, வேற ஆளைப் பார்த்துக்கட்டும்.

வேட்பாளர்: இருங்க, இருங்க. எதுக்கு ஒத்துக்கிட்டீங்க? முதல்ல அதைச் சொல்லுங்க.

மைக்காரர்: சொன்னா கோவிச்சுக்குவே.

வேட்பாளர்: இனிமேதான் கோவிக்கணுமாக்கும்!

மைக்காரர்: நீ கூப்பிடல.

வேட்பாளர்: என்னது?

மைக்காரர்: என்னை நீ கூப்பிடலைம்மா. உன் வண்டியில மைக் பிடிக்க உன் தம்பியைக் கூப்பிட்டே. ‘வாக்காளப் பெருமக்களே’ன்னு முடிக்கிறதுக்குள்ள அவனுக்கு மூச்சு வாங்குது. இந்த ஊர்ல மைக்னா நான்தான்னு ஊரே சொல்லும். உனக்கு மட்டும் தெரியலையேன்னு... வலிச்சுதும்மா. அந்த நேரம் பார்த்து ஜவுளிக்கடைக்காரர் வீடு தேடி வந்தார். ரோஷத்துல சரின்னுட்டேன்.

வேட்பாளர்: ம்...

மைக்காரர்: அவருக்குத் தலைகால் புரியல. ‘அந்தம்மா புருஷனே என் வண்டியில’ன்னு போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் பீத்திக்கிறார்.

வேட்பாளர்: பீத்திக்கட்டும். என்ன பேசுறீங்க வண்டியில?

மைக்காரர்: அவர் எழுதிக் கொடுத்ததை. ‘பேரைச் சொல்லிட்டுப் பாட்டைப் போடுங்க’ன்னார். மத்தவன்லாம் அப்படித்தானே பண்றான். நான் முடியாதுன்னுட்டேன். கையில கொடுத்தா கடைசி வரி வரைக்கும் படிப்பேன், ஒரு எழுத்தை முழுங்க மாட்டேன், இஷ்டம்னா வச்சுக்குங்கன்னேன். ‘படிங்க படிங்க, யார் கேக்கப் போறா’ன்னு சிரிச்சார்.

வேட்பாளர்: எங்கே, எனக்குப் படிங்க.

மைக்காரர்: அடுப்படியிலயா?

வேட்பாளர்: நானும் வாக்காளர்தானே!

மைக்காரர்: ம்ம்ஹும்... “அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே! நமது விளையாட்டுத் திடல் நவீனமயமாக்கப்பட்டு, தனியார் பராமரிப்பில் ஒப்படைக்கப்படும். மாலை ஐந்து மணிக்கு மேல், கட்டணம் செலுத்துவோர் மட்டுமே அனுமதிக்கப்படுவர். சமுதாயக் கூடத்தில் பாட்டு வகுப்பும் நாடக ஒத்திகையும் நிறுத்தப்பட்டு, அவ்விடம் வணிக வளாகமாக மேம்படுத்தப்படும்...”

வேட்பாளர்: அப்பப்பா! புல்லரிக்குது.

மைக்காரர்: விஷயத்துக்கா, குரலுக்கா?

வேட்பாளர்: குரலுக்குத்தான். விஷயத்துக்கு வயிறு எரியுது. இதெல்லாம் அவர் நோட்டீஸ்லயே இருக்கு, பின்பக்கம், பொடி எழுத்துல. எவன் படிச்சான்?... சரி, கேட்டவங்க என்ன சொன்னாங்க?

மைக்காரர்: அதுதான்மா வேடிக்கை. மொதல்ல யாரும் சட்டை பண்ணல. அப்புறம் மில் வாசல்ல வேலை விட்டு வந்த பொம்பளைங்க வண்டியை மறிச்சிட்டாங்க. ‘அந்த அஞ்சு மணி சமாச்சாரத்தைத் திரும்பப் படிங்க’ன்னாங்க. படிச்சேன். ‘நாங்க காலாற நடக்கிறதே அஞ்சு மணிக்கு மேலதான்யா, நடக்கிறதுக்குக் காசா?’ன்னு ஒருத்தங்க பொரிஞ்சு தள்ளிட்டாங்க.

வேட்பாளர்: உங்களையா?

மைக்காரர்: என்னைத்தான்! நான் என்ன பண்ணுவேன்? வாலிபால் ஆடுற பசங்க ‘இன்னொரு தடவை சார்’ங்கிறாங்க. நாடகக் குழு ஆளுங்க போன்ல ரெக்கார்டே பண்ணிட்டுப் போனாங்க. நான் ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கலைம்மா, சத்தியமா.

வேட்பாளர்: தெரியாதா எனக்கு!

மைக்காரர்: அவர் இன்னும் புரிஞ்சுக்கல. வண்டியைச் சுத்திக் கூட்டம் கூடுதுன்னு எனக்கு மாலை போடாத குறை.

வேட்பாளர்: நம்ம வாசல்லயும்தான் கூட்டம். திடலை யாரும் பூட்ட விடமாட்டேன், ராத்திரி விளக்கு போடுவேன், கூடத்துல யார் வேணாலும் ஆடலாம் பாடலாம், வாடகை கிடையாதுன்னு நான் வீடு வீடாச் சொன்னேன். ‘நல்லதும்மா’ன்னு கதவைச் சாத்திக்கிட்டாங்க. திறந்திருக்கிற இடத்தைத் திறந்தே வைப்பேன்னா யாருக்கு உறைக்கும்? பூட்டப் போறாங்கன்னு கேட்டப்புறம்தானே உறைக்குது! இப்போ அவங்களே தேடி வந்து கையைப் பிடிச்சுக்கிறாங்க.

மைக்காரர்: அப்போ... நான் உனக்குக் கெடுதல் பண்ணலையா?

வேட்பாளர்: நாளைக்கும் போங்க. பாதியில விட்டா தொழிலுக்கு அசிங்கம்.

மைக்காரர்: உன்னைப் புரிஞ்சுக்கவே முடியல. ஆமா, ஒண்ணு கேக்கணும்னு நினைச்சேன். ஊர்ல இத்தனை மைக் இருக்கே, என்னை எப்படிப் பிடிச்சீங்கன்னு அவர்கிட்டயே கேட்டேன். யாரோ ஒரு அம்மா போன் பண்ணி, ‘இவ்வளவு பெரிய திட்டமெல்லாம் வச்சிருக்கீங்க, அந்தக் குரல்ல படிச்சாத்தான் எடுபடும்’னாங்களாம். பேரைக்கூடச் சொல்லலையாம்... ஏய், ஏன் சிரிக்கிறே?

வேட்பாளர்: என் நியாயத்தைச் சொல்ல தம்பி மூச்சு வாங்கினாலும் போதும்ங்க. அவர் திட்டத்தை ஊரே கடைசி வரி வரைக்கும் கேக்கணும்னா உங்களை விட்டா ஆள் கிடையாது. நான் உங்களைக் கூப்பிடலைன்னு யாருங்க சொன்னது? அந்த அம்மா நான்தான்.